வைட்டமின் மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறதா? எது என்று முதலில் பிடியுங்கள்

கேள்வி இதுதான். கேட்டவர் 34 வயதுப் பெண். எடைக் குறைப்புக்காக இரைப்பை பைபாஸ் அறுவை செய்துகொண்டு ஏழு வாரம் ஆகிறது. மல்டிவைட்டமின், இரும்பு, கால்சியம், பி12 என நான்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். காலையில் வெறும் வயிற்றில் நான்கையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறார். அரை மணி நேரத்தில் குமட்டல், சில நாள் வாந்தி. பத்து நாளாக எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். நிறுத்தியதிலிருந்து உடம்பு நன்றாக இருக்கிறதாம். "வயிறு பழகும்வரை ஆறு மாதம் விட்டுவிடலாமா? அதுவரை ஜெல்லி மிட்டாய் வடிவ வைட்டமினான கம்மியோ (gummy) தோலில் ஒட்டும் வைட்டமின் பேட்சோ போதுமா?" என்று கேட்கிறார்.

விடக் கூடாது. ஆறு மாதம் என்ன, ஆறு வாரம்கூட வேண்டாம். ஆனால் உங்களுக்கு வைட்டமினே ஒத்துக்கொள்ளவில்லை என்பதை நான் ஏற்கவும் மாட்டேன். இந்த அறுவை செய்துகொண்டவர்களுக்கு உணவு ஆலோசனை சொல்வதே பல ஆண்டுகளாக என் வேலை. "மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை" என்று எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். எல்லா மாத்திரையும் ஒத்துக்கொள்ளாதவர் என்று ஒருவரைப் பார்த்ததாக நினைவில்லை. ஏதோ ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டுதான் வயிற்றைப் புரட்டும். கூட இருந்த பாவத்துக்கு மற்றவையும் பழி சுமக்கும். நான்கையும் ஒரே வாயில் போட்டால் எது குற்றவாளி என்று யாரால் சொல்ல முடியும்?

அந்த விசாரணைக்குப் போகுமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மாத்திரை போட்டால் மட்டும்தான் வாந்தியா, சாப்பாடும் தண்ணீரும்கூடத் தங்குவதில்லையா? நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் மாத்திரையோடு மட்டும்தான் என்று தெரிகிறது. அப்படியானால் நிதானமாகப் படிக்கலாம். சாப்பாடும் வெளியே வருகிறது என்றால் இதைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்காமல் அறுவை செய்த குழுவைக் கூப்பிடுங்கள். பைபாஸுக்குப் பிறகு இரைப்பையையும் குடலையும் இணைத்த வாய் சுருங்கிப்போவது உண்டு. முதல் சில மாதங்களில்தான் அது பெரும்பாலும் தலைகாட்டும். அதே இணைப்பில் புண் வருவதும் உண்டு, குறிப்பாகப் புகைபிடிப்பவர்களுக்கும், மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் ஐபுப்ரோஃபென் வகை மாத்திரை போடுபவர்களுக்கும். இவற்றுக்கு எண்டோஸ்கோப்பி செய்து பார்க்க வேண்டும். மாத்திரையை மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தால் நாள்தான் போகும்.

தொடர்ந்து வாந்தி எடுப்பவர்களைக் கண்டால் நாங்கள் பதறுவதற்குக் காரணம் பி1, அதாவது தயாமின். உடம்பில் இதன் கையிருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் வரும். உள்ளே வருவது நின்று, இருந்ததும் தீர்ந்துவிட்டால் நரம்பும் மூளையும் அடிவாங்கும். கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, பார்வை இரண்டு இரண்டாகத் தெரிவது, கண்விழி தன் போக்கில் ஆடுவது, பேச்சில் குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அவசர சிகிச்சைதான். அங்கே போனதும் "எனக்கு எடைக் குறைப்பு அறுவை நடந்திருக்கிறது, பல நாளாக வாந்தி" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஏனென்றால் வாந்தியோடு வருபவருக்குக் கைப்பழக்கத்தில் குளுக்கோஸ் டிரிப் ஏற்றிவிடுவார்கள். தயாமின் இல்லாத உடம்பில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மிச்சமிருக்கும் கொஞ்சம் தயாமினும் அதை ஆற்றலாக்கவே செலவாகி நிலைமை மோசமாகலாம். தயாமின் முன்னதாக, குறைந்தபட்சம் கூடவே, ஏற வேண்டும். கூடப் போகிறவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். குழப்பத்தில் இருப்பவர் தானே வாதாட முடியாது.

சரி, "நிறுத்தியபின் நன்றாக இருக்கிறது" என்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை தருகிறது. குமட்டல் நின்றதால் நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். குறைபாடு பத்து நாளில் தெரியாது. பி12 கல்லீரலில் ஆண்டுக்கணக்கில் சேமிப்பாக இருக்கும். வரவே இல்லாமல் செலவு மட்டும் நடந்தாலும் நெடுநாள் ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் பாதத்தில் எரிச்சலாக, ஞாபக மறதியாக, ரத்த சோகையாக வெளிப்படும். நரம்பில் ஏற்பட்ட சேதம் முழுதாகத் திரும்பும் என்று உறுதி இல்லை. மூன்று ஆண்டு கழித்து வருபவர்கள் சொல்லும் கதை பெரும்பாலும் ஒன்றேதான்: "முதல் வருடம் நிறுத்திப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்."

உங்கள் உடலில் என்ன மாறியிருக்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும். பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் ஒரு சிறு பையைத் தனியாக்கி, அதை நேரே சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைக்கிறார்கள். மீதி இரைப்பையும் சிறுகுடலின் முதல் பகுதியும் உணவுப் பாதையிலிருந்து விலகிவிடுகின்றன. இரும்பும் கால்சியமும் அதிகமாக உறிஞ்சப்படுவது அந்த முதல் பகுதியில்தான். புதிய சிறு பையில் அமிலமும் குறைவு. ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் இன்னொரு வகை எடைக் குறைப்பு அறுவை) செய்தவர்களுக்குக் குடல் வழி மாறவில்லை என்றாலும் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் போய்விடுவதால் அமிலமும், பி12 உறிஞ்சத் தேவையான புரதமும் குறைகின்றன. ஆகவே "எனக்கு ஸ்லீவ்தானே" என்பவர்களுக்கும் விலக்கு இல்லை.

அந்தப் புரதம் கண்டுபிடிக்கப்பட்ட கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1920களின் கடைசியில் அமெரிக்க மருத்துவர் வில்லியம் காசில் தானே மாட்டிறைச்சி சாப்பிட்டு, சிறிது நேரம் கழித்து அதைத் தன் வயிற்றிலிருந்து வெளியே எடுத்து, ஒருவகைத் தீவிர ரத்த சோகை நோயாளிகளுக்குக் குழாய் வழியாகக் கொடுத்தார். வெறும் இறைச்சி கொடுத்தபோது தேறாத ரத்தம், இதற்குத் தேறியது. ஆரோக்கியமான இரைப்பையில் ஊறும் ஏதோ ஒன்று உணவிலிருக்கும் ஒன்றோடு சேர வேண்டும் என்று அவர் முடிவுக்கு வந்தார். உணவிலிருந்தது பி12, இரைப்பையிலிருந்து வந்தது அந்தப் புரதம். உங்கள் சிறு பையில் அது போதிய அளவு ஊறுவதில்லை. குமட்டல் கதைக்கு நடுவில் இப்படி ஒரு கதை சொன்னதற்கு மன்னியுங்கள்.

இனி விசாரணை. சாட்சி கடிகாரம்தான். மாத்திரை போட்டு எத்தனை நேரத்தில் தொந்தரவு வருகிறது என்று குறித்தால் பாதி விடை கிடைத்துவிடும். புட்டியைத் திறந்ததுமே குமட்டினால் அது வாசனை. விழுங்கிய உடனே நெஞ்சில் ஏதோ நிற்பதுபோல் அழுத்தினால் மாத்திரையின் அளவு. இருபது நிமிடம் முதல் ஒரு மணி நேரத்துக்குள் புரட்டினால் இரும்பு அல்லது துத்தநாகம் (ஜிங்க்). வெறும் வயிற்றில் போட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். படபடப்பு, வியர்வை, தலைசுற்றலோடு வந்தால் இனிப்புச் சிரப்பையோ சர்க்கரை கலந்த மெல்லும் மாத்திரையையோ பாருங்கள். சர்க்கரை குடலுக்குள் வேகமாக இறங்கும்போது இப்படி ஆகும். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து வயிறு உப்பி, காற்றுப் பிரிந்து, பேதியானால் 'சர்க்கரை இல்லாதது' என்று அச்சிட்ட மாத்திரையில் இனிப்புக்காகச் சேர்த்த சார்பிட்டால், மால்டிட்டால் வகைகள். நாள்கணக்கில் மலம் இறுகினால் கால்சியம் கார்பனேட், இரும்பு.

ஒருமுறை ஓர் அம்மா தன் மாத்திரைப் புட்டிகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்து என் மேசையில் கொட்டினார். ஏழு புட்டி. "எதுவும் ஆகாது" என்றார். ஒவ்வொரு மூடியாகத் திறந்து அவர் முகத்தருகே நீட்டினேன். ஐந்து புட்டிக்கு முகத்தில் சலனமில்லை. ஆறாவதைத் திறந்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அது பி காம்ப்ளெக்ஸ் கலந்த மல்டிவைட்டமின். ஈஸ்ட்போல ஒரு நெடி அதற்கு உண்டு. அறுவைக்குப் பிறகு பலருக்கு மூக்கும் நாக்கும் புதிதாகிவிடுகின்றன. முன்பு பிடித்தது பிடிக்காது, முன்பு தெரியாத வாடை தூக்கி அடிக்கும். அவருக்கு வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை. அன்றாடம் போடுவதற்காக ஏழு புட்டியிலிருந்தும் மாத்திரைகளை எடுத்து ஒரே டப்பாவில் கலந்து வைத்திருந்ததால் அந்த நெடி எல்லாவற்றிலும் ஏறியிருந்தது. அதை மட்டும் பூச்சுப் பூசிய வேறு வகையாக மாற்றித் தனி டப்பாவில் வைக்கச் சொன்னோம். மற்ற ஆறும் அன்று மாலையே சத்தமில்லாமல் உள்ளே போயின.

நீங்களும் இப்படிச் செய்யுங்கள். நான்கையும் ஒரே நாளில் திரும்பத் தொடங்க வேண்டாம். ஒன்றைத் தொடங்கி, மூன்று நாள் பார்த்து, அடுத்ததைச் சேருங்கள். எந்த வரிசையில் என்று கேட்டால், என் கணக்கில் தயாமின் உள்ள பி காம்ப்ளெக்ஸ் முதலில் (உங்கள் நான்கில் இது இல்லை, குழுவிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்). கையிருப்பு மிகக் குறைவான சத்து அதுதான். கூடவே நாக்கின் அடியில் கரையும் பி12. அடுத்து மல்டிவைட்டமின், பிறகு கால்சியம், கடைசியில் இரும்பு. மாதவிடாயில் அதிக ரத்தம் போகிறவரும், ஏற்கெனவே ரத்த சோகை உள்ளவரும் இரும்பைக் கடைசிக்குத் தள்ளக் கூடாது. அவர்கள் மருத்துவரிடம் பேசி வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். பத்து நாள் நிறுத்தியிருப்பதையும் மறைக்காமல் அவரிடம் சொல்லிவிடுங்கள். திட்டு விழும் என்ற பயத்தில் "ஒழுங்காகப் போடுகிறேன்" என்று சொல்பவர்களால்தான் ரத்தப் பரிசோதனை முடிவுகள் எங்களுக்குப் புரியாத புதிராகின்றன.

உங்கள் விஷயத்தில் என் முதல் சந்தேகம் இரும்புதான். அரை மணி நேரம், வெறும் வயிறு, காலை வேளை என எல்லாம் அதையே காட்டுகின்றன. எனவே இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

முதலில் லேபிளைப் படியுங்கள். ஃபெரஸ் சல்ஃபேட் 325 மில்லிகிராம் என்றால் அத்தனையும் இரும்பல்ல. அதில் தனி இரும்பு 65 மில்லிகிராம்தான். ஃபெரஸ் ஃபியூமரேட் அதே 325 என்றால் 106. குளுக்கோனேட் என்றால் சுமார் 36. பைபாஸ் செய்தவர்களுக்கும் மாதவிடாய் உள்ள பெண்களுக்கும் தடுப்பு அளவாக நாளொன்றுக்கு 45 முதல் 60 மில்லிகிராம் தனி இரும்பு என்பது பரிந்துரை, மல்டிவைட்டமினில் இருப்பதையும் சேர்த்து. உங்கள் மல்டிவைட்டமினில் 45 இருந்து, தனி மாத்திரையில் 106 இருந்தால் நீங்கள் விழுங்குவது 151! குமட்டாமல் என்ன செய்யும்? குறைபாட்டுக்குச் சிகிச்சையாக மருத்துவரே அந்த அளவு கொடுத்திருந்தால் அது வேறு. அப்போது நீங்களாகக் குறைக்கக் கூடாது. ஆனால் இரண்டு பேர் இரண்டு சீட்டில் எழுதியது சேர்ந்து இப்படி ஆவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கூட்டிப் பாருங்கள்.

அளவு சரியாக இருந்தும் புரட்டினால் வகையை மாற்றலாம். சல்ஃபேட் ஒத்துக்கொள்ளாதவருக்குக் குளுக்கோனேட்டோ பிஸ்கிளைசினேட்டோ பெரும்பாலும் ஒத்துப்போகிறது. இரவு படுக்கப்போகும் முன் போடுவது எளிய வழி. குமட்டல் வரும் நேரத்தில் தூங்கியிருப்பீர்கள். ஆனால் போட்டதும் படுத்துவிடக் கூடாது, மாத்திரை உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாகும். அரை மணி நேரமாவது உட்கார்ந்திருங்கள். வெறும் வயிற்றில் இரும்பு நன்றாக ஏறும் என்பது உண்மைதான். ஆனால் வாந்தியில் போன இரும்பு யாருக்கும் ஏறியதில்லை. கொஞ்சம் உணவோடு போட்டுச் சற்றுக் குறைவாக ஏறினாலும் அது லாபமே. புளிப்பான பழத்தின் கூழ் இரண்டு கரண்டி நல்ல துணை, அதிலுள்ள வைட்டமின் சி இரும்புக்கு உதவும். தேநீர், காபி, பால், தயிர் வேண்டாம். இரண்டு மணி நேரம் தள்ளி வையுங்கள்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவது பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். இரும்பு ஒரு வேளை உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து குடலின் கதவைக் கிட்டத்தட்ட ஒரு நாள் சாத்தி வைக்கிறது. மறுநாள் போடும் மாத்திரையில் ஏறுவது குறைவு. ஏறாதது குடலில் கிடந்து உபத்திரவம் செய்யும். இரும்பு குறைந்த, அறுவை ஏதும் செய்யாத பெண்களிடம் நடந்த ஆய்வுகளில் ஒரு நாள் விட்டுக் கொடுத்தபோது ஒவ்வொரு மாத்திரையிலும் உறிஞ்சப்பட்ட பங்கு அதிகமாக இருந்தது. பைபாஸ் வயிற்றுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது என்றாலும், தினமும் போட்டு வாந்தி எடுப்பவருக்கு இது கௌரவமான சமரசம்.

இத்தனையும் செய்து முடியவில்லை என்றால் நரம்பு வழியாக இரும்பு ஏற்றலாம். இதைத் தோல்வியாக நினைக்கிறவர்கள் உண்டு. இரும்பு உறிஞ்சும் இடத்தையே சுற்றிக்கொண்டு போகும்படி பாதையை மாற்றிய உடம்புக்கு நேராக ரத்தத்தில் கொடுப்பதில் என்ன தோல்வி? ரத்தப் பரிசோதனையில் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு குறைந்துகொண்டே போய், மாத்திரையும் தங்கவில்லை என்றால் நீங்களே அதைக் கேளுங்கள்.

இரும்பு போடத் தொடங்கியதும் மலம் கருப்பாகும், பயப்பட வேண்டாம். ஆனால் தார்போலப் பிசுபிசுவென்று, கெட்ட நாற்றத்தோடு போனால் அது இரும்பல்ல, உள்ளே ரத்தம் கசிகிறது என்று பொருள், உடனே காட்டுங்கள்.

இரண்டாவது சந்தேக நபர் துத்தநாகம். மல்டிவைட்டமினுக்குள் ஒளிந்திருக்கும். வெறும் வயிற்றில் போட்டால் இரும்பைவிட வேகமாகப் புரட்டும். அதனால்தான் மல்டிவைட்டமினை எப்போதும் சாப்பாட்டுக்குப் பின் போடச் சொல்கிறோம். கொழுப்பில் கரையும் ஏ, டி, இ, கே நான்குக்கும் உணவிலுள்ள கொழுப்பு உதவும் என்பது கூடுதல் காரணம். முடி கொட்டுகிறது என்று தனியாகத் துத்தநாகம் வாங்கிப் போடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: துத்தநாகம் கூடினால் தாமிரம் உறிஞ்சப்படுவது குறையும். தாமிரக் குறைவு ரத்த சோகையையும் நடைத் தடுமாற்றத்தையும் கொண்டுவரும். பார்ப்பவர்கள் பி12 குறைவு என்றே நினைப்பார்கள். 8 முதல் 15 மில்லிகிராம் துத்தநாகத்துக்கு 1 மில்லிகிராம் தாமிரம் என்ற விகிதம் லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள்.

முடி பற்றிய பேச்சு வந்துவிட்டதால் முடிக்கென்று பலர் வாங்கும் பி வைட்டமினான பயோட்டினையும் சொல்லிவிடுகிறேன். அறுவைக்குப் பின் மூன்றாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம்வரை முடி கொட்டுவது எடை வேகமாகக் குறைவதன் விளைவு. பெரும்பாலும் தானாக வளரும். அதற்காக மில்லிகிராம் கணக்கில் பயோட்டின் போடுவார்கள். அது சில ரத்தப் பரிசோதனைகளைக் குழப்பும்: தைராய்டு முடிவு தவறாக வரும், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் குறைவாகக் காட்டலாம். போடுகிறீர்கள் என்றால் ரத்தம் கொடுக்குமுன் சொல்லுங்கள். சில நாள் நிறுத்தச் சொல்வார்கள்.

விழுங்குவதே சிக்கல் என்பவர்களுக்கு: ஏழு வாரத்தில் பெரிய மாத்திரையை விழுங்கச் சொல்வதே சரியில்லை. முதல் சில மாதங்கள் மெல்லும் வகை, பொடி, திரவம்தான் வசதி. மாத்திரையோடு ஒரு மடக்குத் தண்ணீரை வேகமாகக் குடித்தால் 30 மில்லிப் பையில் அதுவே நெரிசல். தயிர் போன்ற கெட்டியான ஒன்றில் ஒரு கரண்டிக்குள் மாத்திரையைப் புதைத்து விழுங்கிப் பாருங்கள் (இரும்புக்கு மட்டும் தயிர் வேண்டாம், பழக்கூழ் போதும்). பொடித்துப் போடலாமா என்றால், மருந்தாளரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். குடலில் கரைவதற்கென்று பூச்சுப் பூசியவற்றையும் மெதுவாகக் கரைபவற்றையும் பொடிக்கக் கூடாது. அந்த வகைகள் உங்களுக்கு ஏற்றவையும் அல்ல, கரைய வேண்டிய இடத்தை அவை தாண்டிப்போய்விடும்.

மெல்லும் மாத்திரையின் அளவுக்கு மீறிய இனிப்பு பிடிக்காதவர்கள் அதைக் குளிர்ச்சாதனப் பெட்டியில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்த பொருளின் சுவையும் மணமும் மட்டுப்படும். எளிய தந்திரம்தான், நிறையப் பேருக்கு இது ஒன்றே போதுமானதாக இருந்திருக்கிறது.

கம்மி கேட்டிருந்தீர்கள். ஜெல்லி மிட்டாய்போல இருக்கும் அவற்றைச் சாப்பிடுவது சுகம்தான். ஏன் சுகம் என்று யோசியுங்கள். நாக்கில் உலோகச் சுவை தரும் இரும்பு பெரும்பாலானவற்றில் இல்லை. தயாமினும் பலவற்றில் இல்லை. தாதுக்களின் அளவும் குறைவு. உங்களைப் புரட்டுவதையெல்லாம் நீக்கிவிட்டுச் செய்ததால்தான் அது புரட்டவில்லை. ஒன்றும் போடாமல் இருப்பதற்கு ஒரு வாரம் கம்மி போடுவது மேல், அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம். பேட்ச் அதைவிட மோசம். தோல் என்பது பொருள்களை உள்ளே விடாமல் தடுப்பதற்கென்றே அமைந்தது. தேவையான அளவு இரும்பையும் கால்சியத்தையும் அதன் வழியாக அனுப்ப முடியும் என்பதற்கு ஏற்கத்தக்க ஆதாரம் இல்லை. எடைக் குறைப்பு அறுவைக்கான ஊட்டச்சத்து வழிகாட்டுதல்கள் எதிலும் அது மாத்திரைக்கு மாற்றாகச் சொல்லப்படவில்லை.

கால்சியத்துக்கு வருவோம். கடைகளில் அதிகம் கிடைப்பது கார்பனேட். அது கரைய அமிலம் வேண்டும். உங்கள் பையில் அது குறைவு, போதாக்குறைக்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் போட்டுக்கொண்டிருப்பீர்கள். சிட்ரேட் வகைக்கு அமிலம் தேவையில்லை, உணவும் தேவையில்லை, மலச்சிக்கலும் குறைவு. அதன் குறை உருவம்தான். கார்பனேட்டில் நூற்றுக்கு 40 பங்கு கால்சியம், சிட்ரேட்டில் 21தான். அதே கால்சியத்துக்கு இருமடங்கு பொருளை விழுங்க வேண்டும். அதனால் பொடியாகவோ மெல்லும் வகையாகவோ வாங்குவது நல்லது. மொத்தம் நாளைக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம், உணவில் கிடைப்பதையும் சேர்த்து. ஒரு வேளைக்கு 500, 600க்கு மேல் போட்டால் குடல் ஏற்காது. பிரித்துத்தான் போட வேண்டும். இரும்புக்கும் கால்சியத்துக்கும் இடையில் குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி. இரும்பு கலந்த மல்டிவைட்டமினுக்கும் இதே விதி. நீங்கள் நான்கையும் ஒன்றாகப் போட்ட நாள்களில் குமட்டலைத் தாங்கியும் பாதிப் பலன்தான் கிடைத்திருக்கும்.

அலுவலகம் போகிறவருக்குத் தோதான ஒரு நாளை இப்படி வைத்துக்கொள்ளலாம். காலையில் நாக்கடி பி12 மட்டும். அவசரத்தில் கிளம்பும் வேளையில் வேறெதுவும் வேண்டாம். பத்து மணிக்கு ஒரு கால்சியம். மதியம் சாப்பிட்டபின் மல்டிவைட்டமின். நாளின் பெரிய சாப்பாடு அதற்குச் சரியான மெத்தை. மாலை நான்கு அல்லது ஐந்து மணிக்கு இரண்டாவது கால்சியம். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, படுக்கைக்கு நன்றாக முன்னால், இரும்பு. தைராய்டு மாத்திரை போடுபவர்கள் அதற்கும் இரும்பு, கால்சியத்துக்கும் இடையே நான்கு மணி நேரம் விட வேண்டும். பத்து மணிக் கால்சியம் அவர்களுக்குக் கொஞ்சம் தள்ளிப்போகும். தொலைபேசியில் அலாரம் வைத்துவிடுங்கள், நினைவை நம்ப வேண்டாம்.

பி12 இருப்பதிலேயே சுலபம். தினத் தேவை வெறும் 2.4 மைக்ரோகிராம். ஆனால் நாங்கள் கொடுப்பது 350 முதல் 1000 மைக்ரோகிராம். காசில் கண்டுபிடித்த அந்தப் புரதத்தின் துணை இல்லாமலும் நூற்றில் ஒரு பங்கு தானாகக் கசிந்து உள்ளே போகும். அந்த ஒரு பங்கை நம்பித்தான் இத்தனை அள்ளிக் கொடுக்கிறோம். வாய் வழியே முடியாதென்றால் மாதம் ஒருமுறை 1000 மைக்ரோகிராம் ஊசி. மாத்திரைப் பட்டியலிலிருந்து ஒன்று குறைவதே சிலருக்குப் பெரிய ஆறுதல். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் போடுபவர்களுக்கு பி12 இன்னும் குறையும். அவர்கள் ஊசிப் பக்கம் சாய்வது புத்திசாலித்தனம். டி வைட்டமினும் இப்படித்தான்: நாளைக்கு 3000 யூனிட் என்பது வழக்கமான தொடக்கம், சொட்டு மருந்தாகக் கிடைக்கிறது, யாரையும் புரட்டியதாக நான் கேட்டதில்லை.

வயது 34 என்பதால் இன்னொன்று. அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதம்வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். அதன்பின் திட்டமிடும்போது மல்டிவைட்டமினில் உள்ள ஏ வைட்டமின் எந்த வடிவம் என்று பாருங்கள். ரெட்டினால் வடிவம் அளவுக்கு மீறினால் கருவைப் பாதிக்கும். பீட்டா கரோட்டின் வடிவத்துக்கு மாறச் சொல்வார்கள். ஃபோலிக் அமிலமும் 800 முதல் 1000 மைக்ரோகிராம் வேண்டியிருக்கும்.

மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஓராண்டு, பிறகு ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை உண்டு. ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். இரும்புக் கையிருப்பைக் காட்டுவது ஃபெரிட்டின், ஹீமோகுளோபின் குறைவதற்கு வெகுமுன்பே அது குறைந்துவிடும். கால்சியத்திலும் இதே ஏமாற்று இருக்கிறது. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்ளும், முடிவு 'சரியாக இருக்கிறது' என்றே வரும். எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கவைக்கும் பாராதைராய்டு ஹார்மோன் ஏறியிருக்கிறதா, டி வைட்டமின் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 30 நானோகிராமுக்கு மேல் இருக்கிறதா என்று சேர்த்துப் பார்த்தால்தான் எலும்பிலிருந்து கடன் வாங்குவது தெரியும்.

உங்களுக்கு மூன்றாம் மாதப் பரிசோதனை இன்னும் ஐந்து வாரத்தில் வரும். நாளைக் காலையே குழுவைக் கூப்பிட்டுப் பத்து நாள் இடைவெளியைச் சொல்லிவிட்டு, பி காம்ப்ளெக்ஸையும் நாக்கடி பி12ஐயும் தொடங்குங்கள். ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: என்ன போட்டேன், எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடத்தில் என்ன ஆயிற்று. போகும்போது அந்தத் தாளையும் புட்டிகளையும் எடுத்துப் போங்கள். சீட்டு மட்டும் போதாது, புட்டியே வேண்டும்; எங்களுக்கு வேண்டியது அதன் முதுகில் பொடி எழுத்தில் இருக்கிறது.